மாறுவேட உடை: வீட்டிலேயே தைப்போம், கணக்கோடு தைப்போம்



சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாரக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். உறுப்பினர் ஒருவர் ஆயிரம் ரூபாய் உள்கடன் கேட்டார். காரணம் ‘பள்ளிச் செலவு’ என்றார். என்ன செலவு என்று ஊக்குநர் கேட்டபோது, தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

“ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு மாறுவேடப் போட்டியாம். எம் மக செல்போன் கேம்ல வர்ற மாரியோவாத்தான் வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. டவுன்ல வாடகைக்குக் கேட்டா 600 ரூவா, மேல 400 முன்பணமாம்.”

ஒரு நாள் உடைக்கு வட்டிக்குக் கடனா! கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. அப்போது மெஷின் வைத்திருக்கும் அக்கா ஒருவர், “ஏன் மைனி, நான் தைச்சுத் தாரேன். துணி எடுத்துட்டு வாங்க” என்றார். கடன் தீர்மானம் எழுதாமலே முடிந்தது. அந்த உடையைத் தைத்த விதமும், அதில் நாம் கற்ற கணக்கும்தான் இந்த மாதப் பாடம்.

யார் இந்த மாரியோ?

ஜப்பானில் நின்டெண்டோ என்ற கம்பெனி 1981-இல் வெளியிட்ட ‘டாங்கி காங்’ என்ற விளையாட்டில் இவர் முதலில் வந்தார். உருவாக்கியவர் ஷிகேரு மியாமோட்டோ. அன்றைய திரையில் சின்னச் சின்னக் கட்டங்களால்தான் உருவம் வரைய முடியும். தலைமுடி வரைய முடியவில்லை, தொப்பி வைத்தார். வாய் வரைய இடமில்லை, மீசை வைத்தார். கை அசைவது தெரிய வேண்டும். சட்டைக்கும் பேண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடுத்தார். 1985-இல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வந்த பிறகு உலகமெங்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்த முகமாகிவிட்டார்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வேடம் என்றால் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. பார்த்தவுடன் தெரியும் மூன்று அடையாளம் போதும். பாரதியாருக்கு முண்டாசு, மீசை, கறுப்புக் கோட்டு. குலசேகரப்பட்டினம் தசராவுக்கு நம் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வேடம் கட்டிப் போகிறார்கள்! காளி வேடம் என்றால் கிரீடம், தொங்கும் நாக்கு, பல கைகள். தூரத்திலேயே தெரிந்துவிடும். மாரியோவுக்குச் சிவப்புத் தொப்பி, மீசை, தோள்பட்டை வைத்த நீலப் பேண்ட். சிவப்புச் சட்டை வீட்டில் இருப்பதே போதும்.

தேவையான பொருட்கள் (6 வயதுப் பிள்ளைக்கு)

• நீலக் காட்டன் துணி, 36 அங்குல அகலம் – 1¾ மீட்டர்
• சிவப்புத் துணி – ½ மீட்டர்
• மஞ்சள், வெள்ளைத் துண்டுத் துணி கொஞ்சம்
• 1 அங்குல எலாஸ்டிக், நூல், 2 பட்டன்
• தொப்பியின் முன் விளிம்புக்கு ஐஸ்கிரீம் டப்பா மூடி ஒன்று

துணியை முதலில் நனைத்துக் காயவைத்து, அப்புறம் வெட்டுங்கள். பிறகு சுருங்கினால் பிள்ளைக்கு ஏறாது.

பேண்ட்

1. பிள்ளை போடும் தொளதொள பைஜாமா ஒன்றை அளவாக எடுங்கள். துணியின் ஒரு ஓரத்தை 11 அங்குலம் மடித்து, மடிப்பின் மேல் பைஜாமாக் காலின் வெளிப்பக்கம் வரும்படி வையுங்கள். சுற்றிலும் 1 அங்குலம் விட்டுச் சாக்பீஸால் வரையுங்கள். இடுப்புக்கு 1½ அங்குலமும், காலுக்கு 3 அங்குலமும் கூடுதலாக விடுங்கள்.

2. அதேபோல் இன்னொரு கால். உட்காரும் இடத்தில் பின்பக்கத்தைவிட முன்பக்கம் 1 அங்குலம் உள்ளே வெட்ட வேண்டும். ஒன்று இடது கால், ஒன்று வலது கால். அவசரத்தில் இரண்டையும் ஒரே காலாக வெட்டிவிடாதீர்கள்!

3. முதலில் ஒவ்வொரு காலின் உள்பக்கத் தையல், பிறகு இரண்டையும் இணைக்கும் நடுத்தையல். நடுத்தையல் இரட்டைத் தையலாக இருக்கட்டும். குனிந்தால் கிழிவது அங்கேதான்.

4. மீதித் துணியில் 9 அங்குலச் சதுரம் இரண்டு வெட்டி, சேர்த்துத் தைத்துத் திருப்பி, முன் இடுப்பின் நடுவில் இணையுங்கள். இதுதான் மார்புப் பட்டை. எலாஸ்டிக் பக்கவாட்டிலும் பின்னாலும் மட்டும்.

5. தோள்பட்டை இரண்டு: 24 அங்குல நீளம், 4 அங்குல அகலம் வெட்டி மடித்துத் தையுங்கள். பின்னால் குறுக்காக வைத்துத் தைக்க வேண்டும். முன்னால் பட்டன். காஜா இரண்டு இடத்தில் போட்டால் அடுத்த வருடமும் ஆகும். பட்டன் மேல் 2 அங்குல மஞ்சள் வட்டம் வையுங்கள்.

பட்டையை நிரந்தரமாகத் தைத்துவிடக் கூடாது. மேடை ஏறும் நேரத்தில் பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்தால், தானே அவிழ்க்க வேண்டாமா?

தொப்பி

தலைச் சுற்றளவு எடுங்கள். 14 அங்குல அகலத்தில் சிவப்பு வட்டம் வெட்டி, ஓரத்தில் நூலோட்டிச் சுருக்குங்கள். தலை அளவைவிட 1 அங்குலம் கூடுதலான பட்டையில் அதை இணைத்தால் உப்பலாக நிற்கும். டப்பா மூடியைப் பிறை வடிவில் வெட்டி, துணி சுற்றி முன்னால் தையுங்கள். வெள்ளை வட்டத்தில் சிவப்பில் ‘எம்’ எழுத்து.

மீசை

முகத்தில் பசை போட்டு ஒட்ட வேண்டாம், தோல் பொத்துப்போகும். கண்மையால் வரைந்தாலே போதும். சரசரக்கும் நைலான், பாலியஸ்டர் துணியும் வேண்டாம். விழா மேடையில் குத்துவிளக்கு இருக்கும். அந்தத் துணியில் தீப் பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

இனிதான் முக்கியமான பாடம்

உடை அருமையாக வந்தது. தைத்த அக்கா 350 ரூபாய் வாங்கினார். “லாபமாக்கா?” என்று கேட்டேன். “ஆமா, 50 ரூவா நிக்குது” என்றார். உட்கார்ந்து நோட்டில் எழுதினோம். (விலை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

நீலத் துணி – ரூ.210
சிவப்புத் துணி – ரூ.40
மற்றவை – ரூ.50
பொருள் செலவு மொத்தம் – ரூ.300

அவர் உட்கார்ந்து வேலை செய்தது 5 மணி நேரம். கூலி 50 ரூபாய் என்றால் மணிக்கு 10 ரூபாய்! பூப் பறிக்கப் போனால்கூட இந்தக் கூலிக்கு யாராவது போவோமா? மணிக்கு 60 ரூபாய் வைத்தால் கூலி 300. மெஷின் தேய்மானம், எண்ணெய், கரண்ட் 30. ஆக, உடையின் உண்மை விலை 630 ரூபாய்.

“அவ்வளவு சொன்னா யாரு வாங்குவா?” என்றார் அக்கா. நியாயமான கேள்விதான். கூட்டத்தில் பேசியபோது வழி பிறந்தது. உடையை விற்க வேண்டாம். குழுவே வைத்துக்கொண்டு வாடகைக்கு விடலாம். வாடகை 100 ரூபாய். ஒவ்வொரு முறையும் துவைக்க, தேய்க்க 15 ரூபாய் போனால் நிற்பது 85. எட்டாவது வாடகையில் 680 ரூபாய், போட்ட பணம் திரும்பிவிடும். அதற்குமேல் வருவது குழுவுக்கு லாபம். தைத்தவருக்குக் கூலி 300 ரூபாயை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மாரியோவின் உருவமும் பெயரும் அந்தக் கம்பெனிக்குச் சொந்தம். நம் பிள்ளைக்கு ஒன்று தைத்துக்கொள்வது வேறு. அந்தப் பெயரையும் படத்தையும் போட்டுத் தொழிலாக நடத்துவது வேறு, சட்டச் சிக்கல் வரலாம். அதனால் வாடகைப் பெட்டிக்கு நம்மவர் வேடங்களைத் தையுங்கள். பக்கத்திலேயே நெற்கட்டும்செவல் பூலித்தேவர் இருக்கிறார், வேலுநாச்சியார் இருக்கிறார், பாரதி இருக்கிறார். நீலப் பேண்டில் ‘எம்’ இல்லாத தொப்பியைச் சேர்த்தால் மெக்கானிக் வேடமும் ஆயிற்று.

ஆண்டு விழாவுக்கு நானும் போயிருந்தேன். “பொம்பளப் பிள்ளைக்கு மீசை எதுக்கு?” என்று ஒரு பெரியவர் கேட்டார். “தாத்தா, மாரியோன்னா மீசை உண்டு” என்று சொல்லிவிட்டு மேடையில் துள்ளிக் குதித்தாள் அந்தச் சிறுமி. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அவள் அம்மாவின் பேரில் கடனும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. நம் குழுவில் மெஷின் வைத்திருப்பவர் எத்தனை பேர்? கூலியை எழுதி வைப்பவர் எத்தனை பேர்?
2. கடைசியாகச் செய்த ஒரு வேலைக்கு மணிக்கு எவ்வளவு கூலி கிடைத்தது? கணக்குப் போட்டுப் பாருங்கள்.
3. நம் ஊர்ப் பள்ளிகளில் ஆண்டு விழா எந்த மாதம்? எந்தெந்த வேடம் கேட்கிறார்கள்? டீச்சரிடம் கேட்டு வர யார் பொறுப்பு?