இரசவாதமும் துத்தநாகமும்

சித்தையன்கோட்டையில் வாழும் நமக்கு இரசவாதம் என்றவுடன் பழனியும் போகரும் நினைவுக்கு வருதல் இயல்பே. பழனியாண்டவர் திருவுருவை நவபாடாணத்தால் போகர் அமைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. செம்பைப் பொன்னாக்கும் வித்தை மெய்யா, புரட்டா என இளைஞர் நம்மிடம் வினவுவதுண்டு. பொன்னை இரட்டிப்பாக்கித் தருவதாக வருவோரிடம் நகை இழந்த குடும்பங்கள் இன்றும் உள்ளமையால், இவ்வினாவைப் புறந்தள்ளுதல் கூடாது.

12-ஆம் நூற்றாண்டளவில் எழுந்த இரசார்ணவம் என்னும் வடமொழி நூல், இரசகம் என்ற கனிமத்தோடு செம்பைச் சேர்த்துக் காய்ச்சின் அது பொன்னாகும் என்கிறது. இரசகம் துத்தநாகத் தாதுவேயாம். அதனோடு கூடிய செம்பு மஞ்சள் நிறம் பெறும், அதுவே பித்தளை. நூலார் கண்ட நிறம் மெய். இட்ட பெயர்தான் பொய். நம் இல்லத்துக் குத்துவிளக்கு அத்தகைய 'பொன்'னே!

ஆயினும் அம்முயற்சி வீண்போகவில்லை. துத்தநாகத்தைத் தாதுவினின்று பிரிக்க 1000 பாகை செல்சியசை எட்டும் வெப்பம் வேண்டும். அவ்வுலோகமோ 907 பாகையிலேயே ஆவியாகும். ஆவியில் காற்றுப்பட்டால் வெண்பொடியாகிவிடும். இரசரத்தினசமுச்சயம் இதற்கு வழி கூறுகிறது. தாதுவை மஞ்சள், கடுக்காய், உப்பு, புகைக்கரி முதலியவற்றோடு அரைத்து, கத்தரிக்காய் வடிவ மூசையிலிட்டு, நீர்க்கலத்தின்மேல் கவிழ்த்துச் சூடேற்ற வேண்டும். ஆவி கீழிறங்கிக் குளிர்ந்து, வெள்ளீயம் போன்ற உலோகமாகும். சுடர் நீலம் மாறி வெண்மையாதலையும் அந்நூல் அடையாளமாகக் குறிக்கிறது. உற்று நோக்காதவர் இதனை எழுதியிருக்க இயலாது.

இராசத்தானில் உதயப்பூரை அடுத்த ஜாவர், பழைய சமணக் கோயில்களும் உள்ள ஊர். அங்கு 1980-களில் நிகழ்ந்த அகழாய்வில், ஒவ்வொன்றும் 36 மூசைகள் கொண்ட உலைகள் வெளிப்பட்டன. மூசைகள் கத்தரிக்காய் வடிவினவே! இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன், ஆவியைக் கீழிறக்கும் இத்தகைய முறைக்கு உரிமம் பெற்றது 1738-இல்தான்.

மேலைநாட்டிலும் நிலைமை வேறன்று. நேப்பிள்சைச் சேர்ந்த தெல்லா போர்த்தா 1558-இல் 'இயற்கை மாயவித்தை' என்ற நூலை வெளியிட்டு, 1589-இல் அதனை 20 பகுதிகளாக விரித்தார். பூண்டு காந்தத்தின் ஆற்றலைக் கெடுக்கும் என்பது அந்நாளைய நம்பிக்கை. அவர் பூண்டைத் தின்று காந்தத்தின்மீது ஊதியும், பூண்டுச்சாற்றைத் தடவியும் பார்த்து, அது பொய் என எழுதினார். அவர் நூலில் நம்பத்தகாதனவும் மிகப்பல. எனினும் இந்தப் பூண்டுச் சோதனை ஒன்றே நமக்கு ஒரு பாடம் போதிக்கும்.

நம் சமயத்தவரான தக்குர பேரு இன்னும் தெளிவானவர். தில்லி சுல்தான்களின் நாணயச் சாலையில் பணியாற்றிய அவர், 1318-இல் திரவியபரீட்சை என்னும் நூலை இயற்றினார். இருநூறுக்கும் மேற்பட்ட நாணயங்களின் எடை, உலோகக் கலப்பு, மதிப்பு ஆகியவற்றை அதில் வரிசைப்படுத்தினார். பொன்னையும் வெள்ளியையும் தூய்மை செய்யும் முறைகளையும் உரைத்தார். சித்தர் மரபில் குழூஉக்குறியால் மூடிவைத்த உலை வேலையை, எவரும் நிறுத்துப் பார்க்கும் வண்ணம் எண்களால் எழுதிவைத்தார்.