நாடகம் பார்த்தோம், இனிப் பேசுவோம்



காலையில் கொழுந்து மலைக்குப் போனதும் முதல் பேச்சு என்ன? பெரும்பாலும் ராத்திரி பார்த்த நாடகம்தான். "பாத்தியா புள்ள, நேத்து என்னா நடந்துச்சுன்னு?" என்று ஒரு நிரையில் இருந்து கேட்டால் அடுத்த நிரையில் இருந்து பதில் வரும். கொழுந்து நிறுக்கும் வரை அந்தப் பேச்சு ஓடும். பின்னேரம் பீலிக்கரையில் மறுபடியும் தொடரும். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன அக்காமார் கூட, போன் எடுத்தால் பிள்ளைகளின் சுகத்தை விசாரித்த கையோடு நாடகத்தையும் விசாரிக்கிறார்கள்.

"இதெல்லாம் வேலையத்த பேச்சு" என்று சிலர் தள்ளி விடுவார்கள். அது சரியல்ல. ஒரு கதையைப் பார்த்து, இது சரி, இது பிழை, இன்ன காரணத்தால் என்று சொல்லத் தெரிந்தவர், மாதர் சங்கத்திலும் கோயில் கூட்டத்திலும் பள்ளிக்கூடக் கூட்டத்திலும் பயமில்லாமல் பேசப் பழகிக்கொள்வார். வீட்டில் நேராகப் பேச முடியாத சில விஷயங்களையும் நாடகத்தைச் சாக்காக வைத்துப் பேசலாம். அதை எப்படிச் செய்வது என்பதே இம்முறை நமது பாடம்.

1. இது புதுப் பழக்கம் அல்ல

டீவி வருவதற்கு முன்பே நம்மவர்கள் கதை பார்த்து, கதையைப் பற்றிப் பேசி வந்தவர்கள்தான். நமது தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும். சிவன் மன்மதனை எரித்ததும் ரதி அழுவதைப் பார்த்துக் கண் கலங்காதவர் இல்லை. நமது முன்னோர் பலர் புறப்பட்டு வந்த தஞ்சாவூர்ப் பக்கத்தில், இதே கதையை வைத்து லாவணி பாடுவார்கள். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. இரண்டு பக்கமும் காரணம் சொல்லித்தான் பாட வேண்டும். சும்மா சத்தம் போட்டு வெல்ல முடியாது.

ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி ஆரம்பமானது. அந்தக் காலத்தில் ஒரு லயத்துக்கு ஒரு டீவி இருந்தாலே பெரிய காரியம். கரண்ட் இல்லாத இடங்களில் கார் பெற்றரியில் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 1993இல் தமிழ்நாட்டில் சன் டீவி வந்தது. 1998இல் நமது நாட்டில் சக்தி டீவி வந்தது. 1999 கடைசியில் ராதிகா நடித்த 'சித்தி' தொடங்கியபின், இரவு நேரம் என்றால் நாடக நேரம் என்று ஆகிவிட்டது. பிறகு கூரைக்குக் கூரை டிஷ் ஏறியது. இன்று பிள்ளைகள் போனிலேயே பார்க்கிறார்கள்.

பலர் ஒரே காம்பராவில் கூடியிருந்து பார்த்தபோது பேச்சு தானாக வந்தது. ஆளுக்கொரு மூலையில் இருந்து பார்க்கும்போது பேச்சு வராது. ஆகவே இன்று அதை நாமாகத்தான் தொடங்க வேண்டும்.

2. உதாரணத்துக்கு ஒரு நாடகம்

நம்மில் அநேகர் பார்த்த 'எதிர்நீச்சல்' நாடகத்தை எடுத்துக்கொள்வோம். திருச்செல்வம் இயக்கிய இந்த நாடகம் 2022 பெப்ரவரி முதல் 2024 ஜூன் வரை சன் டீவியில் போனது. 'கோலங்கள்' நாடகத்தை இயக்கியவரும் இவரேதான்.

கதை மதுரையில் ஒரு பெரிய வீட்டில் நடக்கிறது. மூத்தவர் ஆதி குணசேகரன் வைத்ததே அங்கு சட்டம். அவருடைய மனைவி ஈஸ்வரி. தம்பிமாரின் மனைவிமார் ரேணுகா, நந்தினி, ஜனனி. எல்லோரும் படித்த பெண்கள். ஆனால் அந்த வீட்டில் அவர்களுக்கு அடுப்படிதான் உலகம். தங்கை ஆதிரையின் கல்யாணத்தைக் கூட அவளைக் கேட்காமல் அண்ணனே முடிவு செய்கிறார். அவர்கள் எல்லோருக்கும் மேலே அப்பத்தா பட்டம்மாள். சொத்தில் 40 வீதம் அவர் பேரில் இருப்பதால் குணசேகரனால் அவரை மட்டும் லேசாக ஒதுக்க முடியவில்லை.

இந்தக் கதையைப் பற்றிப் பேசாத லயம் குறைவு. ஆனால் எப்படிப் பேசினோம் என்பதுதான் கேள்வி.

3. கதை சொல்வது வேறு, கருத்துச் சொல்வது வேறு

"நேத்து குணசேகரன் கத்துனாரு, ஈஸ்வரி அழுதிச்சு, நந்தினி எதுத்துப் பேசிச்சு." இது கதை சொல்வது. பார்க்காதவருக்கு இது உதவும். ஆனால் சொன்னவர் என்ன நினைக்கிறார் என்று இதில் தெரியாது.

"எனக்கு அந்தக் குணசேகரன புடிக்கவே இல்ல." இது கருத்துத்தான், ஆனால் அரைக் கருத்து. ஏன் பிடிக்கவில்லை என்று இதில் இல்லை.

"குணசேகரன் செய்றது புழைன்னு நான் சொல்றேன். படிச்ச புள்ளைங்கன்னு தெரிஞ்சுதான கட்டிக் குடுத்தாங்க? பொறகு அந்தப் படிப்ப ஒளிச்சு வைக்கச் சொல்றது என்னா ஞாயம்?" இதுதான் முழுக் கருத்து. இதில் மூன்று விஷயம் இருக்கிறது. நாம் என்ன பார்த்தோம், அதைப் பற்றி என்ன நினைக்கிறோம், ஏன் அப்படி நினைக்கிறோம்.

மூன்றாவதான 'ஏன்' என்பதைச் சொன்னால்தான் மற்றவர் பதில் சொல்ல வழி உண்டு. "அப்படி இல்ல மாமி, ஈஸ்வரி அத்தன வருசம் பேசாம இருந்ததும் ஒரு காரணந்தான்" என்று மருமகள் சொல்லலாம். "பேசுனா புள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்க போவா? அதையும் யோசி" என்று மாமி திருப்பிச் சொல்லலாம். இருவரும் கோபிக்கவில்லை. இருவருக்கும் ஈஸ்வரியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாக விளங்குகிறது. மாமிக்கு மருமகளைப் பற்றியும் மருமகளுக்கு மாமியைப் பற்றியும் கொஞ்சம் விளங்குகிறது.

4. நாடகத்தில் இருந்து நம் வீட்டுக்கு

ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு 15 வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் பிள்ளை தேவை என்று ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் கடன் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நாடகம் முடிந்து, தேத்தண்ணி குடிக்கும் நேரம்.

அப்பா: படிச்சு என்னாத்த கண்டாங்க? அந்த ஜனனி அத்தன படிச்சும் அடுப்படிலதான கெடந்துச்சு.

மகள்: அது படிச்சதால இல்லப்பா. படிச்சத பாவிக்க விடாததால.

அப்பாயி: புள்ள சொல்றது சரிதான்டா. படிக்காதவளா இருந்தா அவள ஏமாத்துறது இன்னும் லேசு. நான் கைநாட்டு வச்சே காலத்த ஓட்டுனவ. எந்தக் கடதாசியில என்னா இருந்துச்சுன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது.

அம்மா: ஒங்களுக்குக் கடன் கவல, அது எனக்குத் தெரியும். ஆனா புள்ளைக்கு 15 வயசுதான. வேலைக்கு அனுப்பச் சட்டமும் விடாது. ஸ்கூல்ல டீச்சர் கூட்டத்துல சொன்னாங்க.

அப்பா: (கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து) சரி, மொதல்ல பரீட்சை எழுதட்டும். கடனுக்கு வேற வழி பாப்போம்.

இந்தப் பேச்சில் மகள் "என்னை அனுப்பாதீங்க" என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. சொல்லப் பயந்திருப்பாள். ஜனனியைப் பற்றித்தான் சொன்னாள். ஆனாலும் சொல்ல வேண்டியது அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்து விட்டது. அப்பாவும் தோற்றுப் போகவில்லை. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை அல்லவா?

அம்மா சொன்ன சட்டத்தை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2016 முதல் 5 வயதில் இருந்து 16 வயது வரை பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயம். 2021 முதல் வேலைக்குச் சேர்க்கக் கூடிய ஆகக் குறைந்த வயதும் 14இல் இருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் 1929 என்ற இலக்கத்துக்கும், பெண்களுக்கு நடப்பதாகத் தெரிந்தால் 1938 என்ற இலக்கத்துக்கும் போன் செய்து சொல்லலாம்.

அப்பத்தாவின் 40 வீதத்தில் இருந்தும் நம் வீட்டுக்கு ஒரு கேள்வி வரலாம். சம்பளத்தில் 8 வீதம் சேமலாப நிதிக்குக் கழிக்கிறார்கள், நிர்வாகம் 12 வீதம் போடுகிறது. நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் காசு யாருக்குப் போக வேண்டும் என்று பேர் கொடுத்து வைத்திருக்கிறோமா? "குணசேகரன் வீட்டுச் சொத்துக் கணக்கு நமக்குத் தெரியுது, நம்ம வீட்டுக் கணக்கு தெரியுதா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டாலும் போதும்.

5. நடிகர் வேறு, பாத்திரம் வேறு

குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி, அதே நாடகத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த நாளில், மாரடைப்பால் காலமானார். தினமும் குணசேகரனைத் திட்டித் தீர்த்தவர்களும் அன்று சொந்தக்காரர் போனதைப் போலக் கவலைப்பட்டார்கள். அவர் தேனி மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்து, சென்னைக்குப் போய்ப் பல காலம் உதவி இயக்குநராகப் பாடுபட்டு, இரண்டு படங்களையும் இயக்கியவர். அவருக்குப் பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி குணசேகரனாக நடித்தார்.

நம்மைக் கோபப்பட வைத்தது அந்த மனிதர் அல்ல, அவருடைய நடிப்பு. ஆகவே "அந்த ஆளே கெட்ட ஆளு" என்று பேசாமல், "கெட்டவன நல்லா நடிச்சுக் காட்டுறாரு" என்று பேசப் பழகுவோம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இன்னுமொன்று. நாடகம் விளம்பரத்தை நம்பி ஓடுகிறது. நாளைக்கும் நம்மை உட்கார வைப்பதற்காகச் சண்டையை இழுப்பார்கள், அடியைக் காட்டுவார்கள், ஒரு முகத்தை மூன்று தடவை காட்டுவார்கள். "இத ஏன் இப்படி இழுக்கிறாங்க?" என்று கேட்பதும் கருத்துத்தான். பிடித்த நாடகத்திலும் குறை சொல்லலாம். குறை சொன்னதால் அதைப் பார்க்கக் கூடாது என்றில்லை.

6. பேசும்போது கவனிக்க வேண்டியவை

• நாடகத்தை வைத்து ஆளைக் குத்தக் கூடாது. "நீங்களும் அந்தக் குணசேகரன் மாதிரிதான்" என்று சொன்ன உடனே பேச்சு நின்று சண்டை தொடங்கும். பாத்திரத்தைப் பற்றியே பேசுங்கள். தனக்குரியதை அவரவர் எடுத்துக்கொள்வார்.

• பார்க்காதவரிடம் "சொல்லவா?" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்து ஆசையாகப் பார்க்கப் போகிறவருக்கு முடிவைச் சொல்லிவிடக் கூடாது.

• வீட்டில் பேசாமல் இருப்பவர் ஒருவர் இருப்பார். அநேகமாக மருமகளாக அல்லது சின்னப் பிள்ளையாக இருப்பார். "நீ என்னா நெனைக்கிற?" என்று ஒரு தடவை அவரையும் கேளுங்கள். அவர் பேசி முடியும் வரை காத்திருங்கள்.

• பக்கத்துக் காம்பரா விஷயத்தை நாடகக் கதையோடு முடிச்சுப் போட்டுப் பேச வேண்டாம். அது கருத்து அல்ல, புறணி.

• பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் டீவி வேண்டாம். ஒரே காம்பராவில் டீவி சத்தம் கேட்டுக்கொண்டு பிள்ளையால் படிக்க முடியாது. எந்த ஒரு நாடகம் பார்ப்பது என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்யுங்கள். அதுவே முதல் பயிற்சி.

7. வீட்டுப் பயிற்சி

இந்தக் கிழமை நீங்கள் பார்க்கும் நாடகம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு நாள் நாடகம் முடிந்ததும் டீவியை நிறுத்திவிட்டு, பத்து நிமிஷம் இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

அ) இன்றைக்கு யார் செய்தது சரி? யார் செய்தது பிழை? ஏன்?

ஆ) அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

இ) அந்த வீட்டில் காசைப் பற்றி முடிவெடுப்பது யார்? நம் வீட்டில் யார்?

ஈ) அங்கு யாருடைய பேச்சை யாரும் கேட்கவில்லை? நம் வீட்டில் அப்படி யாராவது இருக்கிறார்களா?

உ) நாடகத்தில் நம்ப முடியாமல் இருந்தது எது?

எல்லோருக்கும் ஒரே கருத்து வர வேண்டும் என்றில்லை. அப்பாவும் மகளும் வேறு வேறு கருத்துச் சொல்லிவிட்டு, ஒரே சட்டி ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டால் பயிற்சி நல்லபடி நடந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் பேசிப் பழகியபின் அடுத்த மாதர் சங்கக் கூட்டத்திலும் இதே கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். நாடகத்தைப் பற்றி அங்கே முதல் தடவையாக வாய் திறக்கும் ஒரு தங்கச்சி, அடுத்த மாதம் தண்ணிக் குழாயைப் பற்றியோ பிள்ளை மடுவத்தைப் பற்றியோ எழுந்து நின்று கேட்பாள். அவளுக்கு இடம் கொடுங்கள்.