தரங்கம்பாடி: ஒரு வீதியிற் கற்கும் வரலாறு

சோழநாட்டுத் தலங்களைத் தரிசிக்கச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் சிதம்பரம், சீர்காழி, வைத்தீசுவரன்கோயில், திருக்கடவூர் என்னும் நிரலிற் சென்று மீள்வர். திருக்கடவூருக்குச் சிறிது தெற்கே, கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியை நாடுவோர் சிலரே. பாயும் தலையணையும் சமையற் பாத்திரங்களும் ஏற்றிய வாடகை வண்டியொன்றிலே, உண்டியும் உறக்கமும் அவ்வண்டியிலேயே ஆகச் சென்ற நாம், ஒரு பகற்பொழுதை அச்சிற்றூருக்கென ஒதுக்கினோம். அவ்வூரைக் காணும் முறையை மாணவர்க்குப் பயன்படுமாறு இங்கே எழுதுகின்றோம்.

வண்டியை நகரவாயிலுக்குப் புறத்தே நிறுத்திவிடல் வேண்டும். 1792இல் திருத்திக் கட்டப்பெற்ற அவ்வெண்ணிற வாயிலிலிருந்து கடல்வரை இராசவீதி நேரே செல்கின்றது. நடந்தாற் சில நிமிட வழியே; வண்டியிற் கடப்பார்க்கோ அது வெறுந்தெரு.

வீதியின் கடற்புறத்தே நிற்பது தான்சுபோர்க் கோட்டை. அதன் கதை நம் நாட்டையும் தொடுகின்றது. 1618இல் டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட ஓவே கெட்டே என்பானுடைய கப்பற்படை 1620இல் இலங்கையை அடைந்து, கண்டியரசனோடு உடன்பாடு செய்து, திருகோணமலையிற் காலூன்ற முயன்றது. அம்முயற்சி நிலைக்கவில்லை. அவ்வாண்டிலேயே தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையால் தரங்கம்பாடி டேனியர்க்குக் கிடைத்தது. 1845இல் அதனை ஆங்கிலேயர்க்கு விற்றனர். கோட்டை இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

தமிழ் கற்பார் நெடுநேரம் நிற்கவேண்டிய இடம், அவ்வீதியிலே சீகன்பால்கு 1718இல் எழுப்பிய தேவாலயம். 1706இல் வந்த அந்த யேர்மானியப் பாதிரியார் தமிழ் கற்று, ஏட்டுச் சுவடிகளைத் தொகுத்து, 1708இல் அவற்றிற்கு விவரப் பட்டியலும் வரைந்தார். முதன்முதல் தமிழை அச்சேற்றியவர் இவரே என்று நம்மிடையே சிலர் எழுதுவது பிழை. 1578இற் கொல்லத்திலேயே தமிழ்நூல் அச்சாகிவிட்டது. இவரது பெருமை வேறு. யேர்மனியின் ஆலே நகரில் வார்த்தனுப்பப்பட்ட தமிழெழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்தமையின் காகிதம் வீணாயிற்று. ஆகவே சிறிய எழுத்துக்களை இவ்வூரிலேயே வார்த்தனர். புதிய ஏற்பாடு 1715இல் முற்றுப்பெற்றது. ஏகார ஓகாரங்களின் வரிவடிவத்தை வீரமாமுனிவர் திருத்துவதற்கு முற்பட்ட அச்சு அது. இக்காலத்துக் கண்ணுக்கு அதனை வாசித்தல் ஒரு பயிற்சி. அவ்வெழுத்துக்களை வார்ப்பித்தவர் 1719இல், முப்பத்தாறு வயதிலே மறைந்து, தாம் கட்டிய ஆலயத்துள்ளேயே அடக்கம் பெற்றார். சமயம் வேறாயினும், தமிழாசிரியராகிய நாம் அவ்விடத்திற் சற்றே வாளா நின்றோம்.

ஆயினும் இவ்வூர் டேனியராற் பிறந்ததன்று. கோட்டைக்கு அணித்தே மாசிலாமணிநாதர் கோயில் உள்ளது. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்து, 1306ஆம் ஆண்டினதாகிய அக்கோயிற் கல்வெட்டு, ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கின்றது. கோட்டைக்கு அது முந்நூறாண்டு மூத்தது. கோட்டையைக் கண்டவுடன் வண்டியேறுவோர் இதனைக் காணாதே போகின்றனர்.

அக்கோயிலின் கீழ்ப்பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் இவ்வூரைத் தாக்கிற்று. அலை தடுக்கக் கருங்கற்கள் கொட்டியிருக்கின்றார்கள். அடுத்த முறை மாணவரோடு செல்வோர் கோயிலை முதலிற் கண்டு, பின் கோட்டைக்கு வருக. காலை ஏழு மணிக்கே தொடங்குதல் நன்று. பத்து மணிக்குப் பின்னர் அம்மணலிலே வெறுங்காலோடு நிற்றல் இயலாது.