தெள்ளு: நாயைவிடத் தரையைக் கவனியுங்கள்

முதலில் பூச்சி எதுவென்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தோலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடித்து உப்பிக் கிடப்பது உண்ணி. பிடிக்கப் போனால் துள்ளி மறைவது தெள்ளு. சந்தேகம் இருந்தால் நாயின் முடியைச் சீவி, உதிரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது தெள்ளின் எச்சம்.

எத்தனை தடவை குளிப்பாட்டினாலும் போகவில்லையே என்று அலுத்துக்கொள்பவர்கள் பலர். பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டை வரை இடும். அவை முடியில் ஒட்டி நிற்காமல், நாயோ பூனையோ படுக்கும் இடமெல்லாம் உதிர்ந்துவிடும். பொரிந்த புழுக்கள் வெளிச்சத்துக்கு ஒதுங்கித் தரை விரிசலிலும் மிதியடிக்கு அடியிலும் வளரும். ஆகவே வேலையைத் தரையில் தொடங்குங்கள்.

நாயின் விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவையுங்கள். துவைக்க முடியாத பாய், மெத்தையை உச்சி வெயிலில் காயப்போட்டுத் தட்டுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் புழு பிழைக்காது. அதனால் தரையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்த பிறகு மின்விசிறி போட்டு நன்றாக உலர்த்துங்கள். சுவரோரம், கட்டிலடி, சோபா இடுக்கு ஆகியவற்றில் தினமும் வேக்கூம் கிளீனர் பிடியுங்கள். பையை உடனே இறுகக் கட்டி வெளியே போடுங்கள்.

குளிப்பாட்டும்போது கழுத்தைச் சுற்றி முதலில் நுரை போடுங்கள். இல்லையென்றால் தெள்ளு முகத்துக்கு ஓடிவிடும். ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். பிறகு தினமும் நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள்.

இரவில் அகலத் தட்டில் தண்ணீரும் சில சொட்டுப் பாத்திரச் சோப்பும் விட்டு, அருகே சிறு விளக்கு வையுங்கள். வெளிச்சத்துக்குத் துள்ளி வருபவை மூழ்கும். இது வளர்ந்த பூச்சிகளை மட்டுமே பிடிக்கும். ஆனாலும் எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைகிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இயற்கைப் பொருள் என்பதாலேயே எதையும் தடவிவிடாதீர்கள். பூண்டு, கற்பூரம், டீ ட்ரீ எண்ணெய் மூன்றுமே நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. பூனை தன் உடம்பைத் தானே நக்கும். தடவியது வயிற்றுக்குள் போகும். அந்துருண்டை பக்கமே போகாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்துத் திடீரென்று மறுபடி தெள்ளு கிளம்பினால் மனம் தளர வேண்டாம். கூட்டுப்புழு மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து, காலடி அதிர்வும் உடற்சூடும் பட்டதும் வெளிவரும். துவைப்பதையும் துடைப்பதையும் இரண்டு மூன்று மாதம் விடாமல் தொடருங்கள்.

வீட்டில் குட்டிகள் இருந்தால் ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம்; அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.