வண்டியைத் தூக்கும் முன் ஸ்டீயரிங்கைப் பாருங்கள்

என் ஜிம்னியை இரண்டு அங்குலம் தூக்கிய மறுநாள் காலை அவிநாசி சாலையில் ஓட்டிப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியதும் வண்டி அலைந்தது. லேசாகத் திருப்பினால் ஸ்டீயரிங் திருப்பிய இடத்திலேயே நின்றது, தானாக நடுவுக்கு வரவில்லை. பாலத்து இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கியபோது வந்த உதறல் முழங்கை வரை தெரிந்தது. நேராகப் போகும்போதும் ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் சுசுகி முத்திரை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது.

முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவான டோவைச் சரிசெய்ய இரண்டு முறை வீல் அலைன்மென்ட் செய்தேன், பணம்தான் போனது. கடைசியில் ஜீப் வேலையிலேயே தலை நரைத்த ஒரு மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, டோ சரியாத்தானுங்க இருக்கு. ஆக்சில் முன்னாடி குனிஞ்சு நிக்குது, அதைப் பாருங்க."

அவர் சொன்னது காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருப்பது ஹேண்டிலைக் கைவிட்டும் ஓட்ட உதவுகிறது. ஜிம்னியின் முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் இரண்டு நீளக் கைகளும் பின்னால் சேஸிஸில் மாட்டியிருக்கின்றன. பாடி உயர்ந்தால் அந்தக் கைகளின் முன்முனை கீழே இறங்கும். அதோடு ஆக்சிலும் முன்பக்கம் உருளும், சாய்வு குறையும். கை 80 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், 5 செ.மீ. உயர்த்தும்போது ஏறத்தாழ மூன்றரை டிகிரி போய்விடும். காஸ்டர் திருத்தும் புஷ் போட்டதும் ஸ்டீயரிங் திரும்பி வரத் தொடங்கியது. அதிலும் அளவு வேண்டும். ஆக்சிலைப் பின்னால் உருட்ட உருட்ட டிஃபரென்ஷியலின் மூக்கு கீழே இறங்கும், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெட்டு அதிர்வு வரும்.

முத்திரை சாய்ந்ததற்குக் காரணம் வேறு. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது பான்ஹார்டு ராடு. தூக்கினால் அதன் சாய்வு கூடி ஆக்சிலை ஒரு பக்கம் இழுக்கும். வண்டியைத் தூக்கியவர்கள் அதை நீட்டி ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள், ஆனால் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கைத் தொடவில்லை. அதன் லாக் நட்டைத் தளர்த்தி நீளத்தைச் சரிசெய்ததும் முத்திரை நேரானது. ஸ்டீயரிங்கைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். சக்கரம் நேராக இருக்கும்போது வண்டி திரும்புவதாக ஸ்டீயரிங் சென்சார் சொல்லும், வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஈஎஸ்பி அதை நம்பும்.

நான் மிக முக்கியமாக நினைப்பது இதுதான்: பான்ஹார்டு ராடும் டிராக் லிங்க்கும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். பள்ளத்தில் இரண்டும் ஒரே வளைவில் ஆடினால் சக்கரம் நேராகவே போகும். டிராக் லிங்க்கை மட்டும் தாழ்த்த டிராப் பிட்மேன் ஆர்ம் போட்டால், ஒவ்வொரு குழியிலும் வண்டி தானே திரும்பும். எனக்கும் அதைப் போடச் சொன்னார்கள். போனில் உள்ள கோண அளவியை இரண்டு கம்பிகள் மீதும் வைத்துப் பார்த்தேன், ஏறக்குறைய ஒரே சாய்வுதான். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உதறலுக்கு ஸ்டீயரிங் டாம்பரை மாற்றுவது நோயை மறைக்கும் வேலை. இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்ட, நீங்கள் குனிந்து பான்ஹார்டு போல்ட்டையும் பால் ஜாயிண்டுகளையும் பாருங்கள். ஆட்டம் அங்கே தெரியும். ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

2020க்குப் பிந்தைய தார் போல முன்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் வண்டிகளில் கணக்கு வேறு. அங்கே தூக்கினால் டோவும், சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் அளவான கேம்பரும் மாறும், அலைன்மென்ட் கட்டாயம்.

வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் இன்சூரன்ஸையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வண்டியைத் தூக்கும் கிட் விற்பவரிடம் எத்தனை அங்குலம் என்று கேட்கும் முன், காஸ்டரையும் பான்ஹார்டையும் எப்படித் திருத்துவார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கிட் வேண்டாம்.