தோலாடையும் தொழுகையும்

மார்கழிப் பனியில், சுப்ஹுக்கு முன்பே இண்டூரிலிருந்து தருமபுரிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படும் சகோதரர்களுக்குத் தோல் ஜாக்கெட் நல்ல காவல். குளிர்காற்று உள்ளே புகாது. (மழையில் நனைந்தால் கனக்கும், உச்சி வெயிலுக்கும் உதவாது.) வழியில் தொழுகை நேரம் வந்தால் அதோடு தொழலாமா?

பதனிட்ட தோல் தூய்மையாகிவிடும் என்பது முஸ்லிம் ஷரீபில் உள்ள ஹதீஸின் கருத்து. தானாகச் செத்த ஆடுமாடுகளின் தோலுக்கும் இதுவே சட்டம். பன்றித்தோல் மட்டும் எப்படிப் பதனிட்டாலும் நஜீஸ்தான். ஷாஃபி மத்ஹபில் நாய்த்தோலும் அப்படியே. மயிர்த்துளைகள் மும்மூன்றாகக் கூடியிருப்பது பன்றித்தோலின் அடையாளம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிலில் இருப்போர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். விசாரித்தே வாங்குங்கள்.

நாம் அதிகம் கவலைப்படுவது ஒளுவைப் பற்றித்தான். ஜாக்கெட்டின் இறுகிய கையை மேலேற்ற முடியாமல், முழங்கை நனையாமலே சிலர் ஒளுவை முடித்துவிடுகிறார்கள். அந்த ஒளு கூடாது; தொழுகையும் கூடாது. தபூக் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் கை இறுகிய ஜுப்பா அணிந்திருந்தார்கள். கைகளை அங்கியின் கீழ்வழியே வெளியே எடுத்துக் கழுவினார்கள். அதே ஒளுவில் காலுறைகளின் மேல் மஸ்ஹுச் செய்தார்கள். ஒளுவுடன் அணிந்த, கணுக்காலை மறைக்கும் தோல் காலுறைக்கு, ஊரிலிருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் அச்சலுகை உண்டு. ஜாக்கெட்டின் கைக்கு அது கிடையாது. கழற்றி வைத்துவிட்டே ஒளுச் செய்யுங்கள்.