தாஜ்மகாலைக் கட்டாத ஷாஜகான்

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அடுக்ககத்துத் தம்பி ஒருவர் சென்ற மாதம் ஒரு வெள்ளிக் காசோடு கதவைத் தட்டினார். கிருஷ்ணகிரிப் பக்கம் பாட்டி வீட்டு மரப்பெட்டியில் கிடைத்ததாம். "அண்ணா, இதுல ஷாஜகான்னு எழுதியிருக்காம். தாஜ்மகால் கட்டினவரு காசு!"

நம்பிக்கை: ஷாஜகான் என்று இருந்தால் அது தாஜ்மகால் ஷாஜகான்தான்.

அந்தப் பெயரில் மொகலாயப் பேரரசர்கள் மூவர் இருந்தார்கள். தாஜ்மகாலைக் கட்டியவர் 1628 முதல் 1658 வரை ஆண்டார். இரண்டாமவர் ரஃபி உத்-தவுலா. 1719-இல் சுமார் மூன்று மாதம் அரியணையில் இருந்தவர். மூன்றாமவர் 1759 டிசம்பர் முதல் 1760 அக்டோபர் வரை. முதலாமவரின் ரூபாயில் கலிமா என்ற இஸ்லாமிய உறுதிமொழி வாசகம் இருக்கும். புனித வாசகம் கண்டவர் கையிலும் படக்கூடாது என்று அவுரங்கசீப் அதை நாணயத்திலிருந்து எடுத்துவிட்டார்; பின்வந்தவர்களும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகவே கலிமாவைத் தேடுங்கள். அது இல்லையென்றால் ஹிஜ்ரி ஆண்டைப் பாருங்கள்: 1131 என்றால் இரண்டாமவர், 1173 அல்லது 1174 என்றால் மூன்றாமவர். பாரசீக எழுத்து தெரியாவிட்டாலும் 1131-ஐக் கண்டுபிடிக்கலாம். இரண்டு நேர்க்கோடு, தலையில் பல் வைத்த ஒரு கோடு, மறுபடி ஒரு நேர்க்கோடு.

தம்பியின் காசில் கலிமா இல்லை. 1131 இருந்தது. அவர் முகம் வாடியது. தாஜ்மகால் ஷாஜகானின் ரூபாயைவிட இது அரிதானது என்று சொன்ன பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

நம்பிக்கை: குறைந்த நாள் ஆண்டவர் காசு என்றால் லட்சக்கணக்கில் விலை.

ஆட்சியின் நீளத்தை மட்டும் வைத்து விலை சொல்ல முடியாது. ஹிஜ்ரி 1131, அதாவது 1718 நவம்பர் முதல் 1719 நவம்பர் வரை, ஐந்து பேர் பேரரசர் பட்டத்தோடு இருந்தார்கள். பிப்ரவரி இறுதியில், அதுவரை பேரரசராக இருந்த ஃபரூக்சியரை, அரசர்களை ஏற்றி இறக்கிய சையத் சகோதரர்கள் இறக்கினார்கள். ரஃபி உத்-தரஜாத் ஜூன் வரை. அடுத்து நம் இரண்டாம் ஷாஜகான். செப்டம்பரில் முகம்மது ஷா. இடையில் ஆக்ரா கோட்டைச் சிறையிலிருந்த நிகுசியரைக் கிளர்ச்சிக்காரர்கள் பேரரசர் என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் கோட்டை பணிந்தது.

தொழுகையில் பெயர் வாசிப்பதும் காசில் பெயர் பொறிப்பதும்தான் அன்று அரசுரிமையின் அடையாளம். அதனால் பட்டமேறிய உடனே புது அச்சு வெட்டினார்கள். வணிகர்கள் வெள்ளியைக் கொண்டுவந்து அக்கசாலையில் கொடுத்து ரூபாயாக வாங்கிப் போனார்கள். ரஃபி உத்-தரஜாத், இரண்டாம் ஷாஜகான் ரூபாய்கள் பல ஊர்களில் அடிக்கப்பட்டவை. பொறுமையாகத் தேடுபவருக்குக் கிடைக்கும். நிகுசியரின் காசு அப்படியல்ல, உண்மையிலேயே மிக அரிது. பழைய காசுகள் அரிதாகப் போனதற்கு, முந்தைய ஆண்டு ரூபாய்க்குக் காசு மாற்றும் சராப்புகள் வட்டம் என்ற கழிவைப் பிடித்துக்கொண்டதும் ஒரு காரணம். நட்டத்துக்கு அஞ்சிப் பலர் அவற்றை உருக்கக் கொடுத்தார்கள். எத்தனை அடித்தார்கள் என்பதோடு, எத்தனை உருகாமல் தப்பின என்பதும் கணக்கில் வரும்.

நம்பிக்கை: மொகலாயக் காசெல்லாம் டெல்லியில் அடித்தது.

மொகலாயர் தெற்கு வரை வந்தார்கள். பெங்களூருவே 1687-இல் அவர்கள் கைக்கு வந்து, 3 லட்சம் ரூபாய்க்கு மைசூரின் சிக்கதேவராஜ உடையாருக்குக் கைமாறிய ஊர். துமகூரு மாவட்டத்துச் சிராவிலும் நம் ஆற்காட்டிலும் மொகலாய ரூபாய் அடித்தார்கள். ஒரே அரசரின் காசு ஓர் ஊரில் மலிவாகவும் இன்னோர் ஊரில் அரிதாகவும் இருக்கும்.

நம்பிக்கை: காசில் உள்ள ஆண்டே அடித்த ஆண்டு.

இதில் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்தாண்டு ஆண்ட இரண்டாம் ஆலம்கீர் 1759-இல் கொல்லப்பட்டார். ஆனால் அவர் பெயரும் 1172 என்ற ஆண்டும் போட்ட ஆற்காடு ரூபாயைச் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி 1800-களிலும் இயந்திரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சீரான வட்டமும் ஒழுங்கான விளிம்பும் கண்டால் நிதானியுங்கள்.

நம்பிக்கை: எழுத்து பாதிதான் இருக்கிறது, வெட்டுக்குறியும் இருக்கிறது, போலி.

அச்சு பெரியது, வெள்ளி வில்லை சிறியது. சுத்தியலால் அடிக்கும்போது வாசகத்தின் ஒரு பகுதிதான் வில்லையில் விழும். சிறு குறிகள், வெள்ளியின் தரத்தைச் சராப்புகள் சோதித்த தடயம். எடை ஏறக்குறைய 11.5 கிராம் இருக்கவேண்டும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடினாலோ, பரப்பில் குமிழ்க்குழிகள் தெரிந்தாலோதான் வார்ப்புப் போலி என்று சந்தேகிக்க வேண்டும்.

நம்பிக்கை: புளி போட்டுத் தேய்த்தால் மதிப்புக் கூடும்.

பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்யாதீர்கள், தயவுசெய்து. முந்நூறு ஆண்டுக் கருமை ஒரு நாளில் போய்விடும், திரும்ப வராது. மெல்லிய கீறல்கள் விழும். ஓரத்தில் அரைகுறையாக நிற்கும் ஆண்டும் ஊர்ப்பெயரும் இன்னும் தேயும்.

நல்லவேளை, தம்பியின் பாட்டி அதைத் தேய்க்கவில்லை, துணியில் முடிந்து வைத்திருந்தார். நகைக்கடைத் தராசில் 11.4 கிராம் காட்டியது. ஊர்ப்பெயரில் கடைசிச் சுழிப்பு மட்டும் ஓரத்தில் இருக்கிறது. எந்த அக்கசாலை என்று ஞாயிறுதோறும் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.